வினையாலணையும் பெயர்

நோயாளிகளை அவர்களுடைய நோயைக் கொண்டோ வயதைக் கொண்டோ அல்லாமல், காலப்போக்கில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டு பிரிக்கும் புள்ளியியல் முறை ஒன்று இன்று மருத்துவ ஆராய்ச்சியில் பரவலாகப் புழங்குகிறது. மருந்தை யார் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள், யார் இரண்டு மாதத்தில் விடுகிறார்கள், யார் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று மாதாமாதம் பதிவான தகவல்களை வரிசையாக வைத்துக்கொண்டு, அவற்றில் ஒத்த சாயல் கொண்டவற்றை ஒரு வளைகோட்டின் கீழ் கொண்டுவருவது அதன் வேலை. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். எனக்கு இது முழுக்க நம்முடைய பிரச்னையாகவே படுகிறது. காலத்தில் நீண்டு கிடக்கும் ஒரு வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்ல யாருக்கு, எந்த அளவுக்கு உரிமை உண்டு என்பது நாவலாசிரியனும் விமர்சகனும் நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கேள்வி. பெரும்பாலும் யோசிக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கேள்வி. புள்ளியியல்காரர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே நின்றார்கள், அதற்கப்பால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

முதலில் இந்த முறைக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எண்கள் என்றாலே மனித விரோதம் என்று முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சிந்தனைச் சோம்பலின் ஒரு வடிவம். இந்த முறை எதை எதிர்த்து எழுந்தது என்று பார்த்தால், நாம் அதன் பக்கம்தான் நின்றிருப்போம் என்பது விளங்கும்.

1835இல் பெல்ஜியத்து வானவியலாளர் அடால்ஃப் கெத்தலே 'சராசரி மனிதன்' என்ற உருவத்தை முன்வைத்தார். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் சிதறும். அந்தச் சிதறல்களின் நடுவே உண்மையான இடம் இருக்கும். இந்தக் கணிதத்தை அவர் மனிதர்கள்மேல் போட்டுப் பார்த்தார். இதன் தர்க்கப்படி சராசரிதான் நிஜம். தனிமனிதர்கள் அதிலிருந்து தவறிய பிழைகள். மருத்துவம் நெடுங்காலம் இந்தச் சராசரி மனிதனோடுதான் பேசிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். நூறு பேருக்கு எழுதித் தருகிறார்கள். ஐம்பது பேர் ஆண்டு முழுவதும் சாப்பிடுகிறார்கள், ஐம்பது பேர் முதல் மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி நோயாளி பாதிக்குச் சற்று மேல் சாப்பிட்டவன். அப்படி ஒருவன் அந்த நூறு பேரில் இல்லவே இல்லை.

அடுத்து வந்தது ஓர் எல்லைக்கோடு. மொத்த நாட்களில் எத்தனை நாட்கள் கையில் மருந்து இருந்தது என்பதை மருந்துக்கடைப் பதிவிலிருந்து கணக்கிட்டு, 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒழுங்கானவர், குறைந்தால் ஒழுங்கற்றவர் என்று பிரித்தார்கள். முதல் ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் சாப்பிட்டுவிட்டு அடியோடு நிறுத்திய ஒருவனும், ஆண்டு முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்ட ஒருத்தியும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இருவரும் 50 சதவீதம். ஆனால் முன்னவனுக்கு ஆறாவது மாதத்தில் ஏதோ நடந்திருக்கிறது. பின்னவளுக்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு மாதத்து மாத்திரையை அவள் இரண்டு மாதத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவனிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு, மற்றவளிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. சதவீதம் இரண்டு கேள்விகளையும் அழித்துவிடுகிறது. காலம் அதில் கூட்டுத்தொகையாகச் செத்துக் கிடக்கிறது.

போக்கைக் கொண்டு வகை பிரிக்கும் முறை இந்தச் செத்த காலத்தை எழுப்பியது. 2013இல் ஜெசிக்கா ஃப்ராங்க்ளினும் சகாக்களும் அமெரிக்காவில் ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கிய இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருந்துப் பதிவுகளை இந்த முறையில் ஆராய்ந்தார்கள். ஆறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது, நோயாளிகளின் உண்மையான நடப்பை ஒற்றை எல்லைக்கோட்டைவிட அது நன்றாகச் சுருக்கிச் சொன்னது. எப்போது விட்டான், திரும்பி வந்தானா, மெல்ல மெல்லக் குறைத்தானா என்பதெல்லாம் கோட்டின் உருவத்தில் தெரிகிறது. இது சிறிய விஷயம் இல்லை. ஒரு மனிதனைப் பற்றி 'எவ்வளவு' என்பதை விட்டு 'எப்படி' என்று கேட்கத் தொடங்குவது கதை சொல்லலின் ஆரம்பம்.

*

இந்த முறை மருத்துவத்தில் பிறந்ததில்லை. 1993இல் டேனியல் நேகினும் கென்னத் லாண்டும் இதன் முதல் வடிவத்தைக் குற்றவியலில் கையாண்டார்கள். 1961இல் டொனால்ட் வெஸ்ட் தொடங்கிய ஓர் ஆய்வு, தென்லண்டனின் உழைப்பாளிகள் பகுதி ஒன்றில் 411 பையன்களை எட்டு வயதிலிருந்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் யார் எந்த வயதில் எத்தனை முறை தண்டனை பெற்றார்கள் என்ற பதிவுதான் கச்சாப் பொருள். 1999இல் நேகின் முறையை விரித்து உளவியல் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அங்கிருந்து அது நோயாளிகளிடம் வந்தது. போலீஸ் ரிக்கார்டுக்காகத் தைத்த சட்டை மாத்திரைச் சீட்டுக்கும் பொருந்தியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பார்ப்பவன் ஒருவன், பார்க்கப்படுபவன் ஒருவன். இரண்டிலும் தவறுவது என்று ஒன்று உண்டு.

முறையின் வேர் இன்னும் பழையது. நேப்பிள்ஸ் கடற்கரையில் பிடித்த 1000 பெண் நண்டுகளை வெல்டன் என்ற உயிரியலாளர் அளந்தார். நெற்றி அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை வரைந்தபோது, வழக்கமான மணி வடிவத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் சாய்ந்த கோடு வந்தது. ஒரே கூட்டத்துக்குள் இரண்டு இனங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றனவோ என்று அவர் சந்தேகப்பட்டார். 1894இல் கார்ல் பியர்சன் ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்றைப் போராடித் தீர்த்து, சாய்ந்த கோட்டை இரண்டு மணி வடிவங்களாகப் பிரித்துக் காட்டினார். கலந்து கிடப்பதற்குள் மறைந்திருக்கும் குழுக்களைக் கணக்கால் வெளியே எடுக்கும் கலை இதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் மறுவருஷமே, 1895இல், அதே பியர்சன், ஒரே தன்மையான ஒரு கூட்டமும் இயல்பாகவே சாய்ந்து இருக்கலாம் என்று இன்னொரு கட்டுரை எழுதினார். சாய்வு தெரிந்தால் அங்கே இரண்டு இனம் இருக்கலாம். ஒரே இனம் அப்படி இருக்கவும் செய்யலாம். கோட்டைப் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது.

நூறாண்டுக்குப் பிறகு இதே கேள்வி திரும்பி வந்தது. 2003இல் டேனியல் பவரும் பாட்ரிக் கரனும், குழுக்களே இல்லாத, வெறுமனே சாய்ந்த ஒரு கூட்டத்தை இம்மாதிரி முறைகளில் ஒன்றிடம் கொடுத்தால் அது குழுக்களைக் கண்டுபிடித்துத் தரும் என்று காட்டினார்கள். நேகின் இதை மறுத்துச் சண்டைக்கு நிற்கவில்லை. 2005இல் அவரும் ரிச்சர்ட் ட்ரம்ப்ளேயும் எழுதியதன் சாராம்சம் இது: குழு என்பது ஒரு தோராயம், மனிதர்கள் உண்மையில் அதற்குள் 'வசிப்பதில்லை', எத்தனை குழு என்பது மாறாத உண்மை இல்லை, குழுவில் உள்ளவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டின்மேல் அடிபிசகாமல் நடப்பதும் இல்லை. தொடர்ச்சியான ஒரு சரிவைச் சில படிக்கட்டுகளாக வெட்டிக் காட்டுவது போன்றது இது. படிக்கட்டு மலையில் இல்லை, ஏறுகிறவன் வசதிக்காக வெட்டியது.

ஒரு முறையை உண்டாக்கியவர்களே அதன் எல்லையை இவ்வளவு தெளிவாகச் சொல்வது நம்முடைய இலக்கியக் கோட்பாட்டாளர்களிடம் காணக் கிடைக்காத பண்பு. ஆகவே என் விவாதம் அவர்களோடு இல்லை. கோடு வரைந்து முடித்த பிறகு அதற்குப் பெயர் வைக்கும் இடத்தில்தான் எனக்கு விவாதம்.

*

கணக்கு எப்படி முடிகிறது என்று பார்ப்போம். எத்தனை குழு என்று கணினி தானாகச் சொல்வதில்லை. ஆராய்ச்சியாளர் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டு போகிறார். குழு கூடக்கூடப் பொருத்தமும் கூடும் என்பதால், ஒவ்வொரு கூடுதல் குழுவுக்கும் அபராதம் விதிக்கும் அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் இடத்தில் நிறுத்துகிறார். பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் சில எண்கள் கிடைக்கின்றன. உதாரணத்துக்கு ஒருவனை எடுத்துக்கொள்வோம்: அவன் முதல் குழுவைச் சேர்ந்திருப்பதற்கான நிகழ்தகவு 0.62, இரண்டாவதைச் சேர்ந்திருப்பதற்கு 0.30, மூன்றாவதற்கு 0.08. எது பெரியதோ அந்தக் குழுவில் அவனைப் போடுவது வழக்கம். ஒரு குழுவில் போடப்பட்டவர்களின் நிகழ்தகவுச் சராசரி 0.7க்குக் குறையாமல் இருந்தால் நல்லது என்பது நேகின் தந்த நடைமுறை விதி. நம் ஆள் முதல் குழுவுக்குப் போகிறான். மீதமிருந்த 0.38 எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை, கணக்கில் இருக்கிறது. ஆனால் பெயரில் இல்லை. பெயர் முழு எண். 'சீக்கிரம் கைவிடுபவர்கள்' என்று அந்தக் குழுவுக்குத் தலைப்பு வைத்தவுடன், 0.62 பங்கு மட்டுமே அந்தத் தலைப்புக்குரியவன் முழுதாக அதற்குள் அடங்கிவிடுகிறான். கணிதம் சந்தேகத்தோடு சொன்னதை மொழி சந்தேகமில்லாமல் சொல்லிவிடுகிறது. ஈவிரக்கமற்றவை எண்கள்தான், சொற்களுக்கு நெகிழ்ச்சி உண்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே நடப்பது நேர்எதிர். நெகிழ்ந்து நிற்பது எண், இறுகிப்போவது சொல். சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் ஒரு நுட்பத்தை வைத்திருக்கிறது. தொழிற்பெயர் காலம் காட்டாது. வினையாலணையும் பெயர் காலம் காட்டும். 'வருதல்' என்பதில் காலம் இல்லை. 'வந்தவன்', 'வருகிறவன்', 'வருபவன்' ஆகியவை பெயர்களாகி வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொள்கின்றன; வந்தவனை, வந்தவனுக்கு என்று பெயர்ச்சொல்லின் எல்லாக் காரியமும் செய்கின்றன. ஆனாலும் வினையின் காலத்தை அவை விட்டுவிடவில்லை. 'குடித்தவன்' என்றால் குடித்த ஒரு நேரம் உண்டு, குடிக்காத நேரத்துக்கும் அதில் இடம் உண்டு. 'குடிகாரன்' என்றால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. தூங்கும்போதும் அவன் குடிகாரன்தான். ஒரு மனிதனைச் செயலால் சுட்டவேண்டிய தேவை எப்போதும் உண்டு, அதை மறுக்க முடியாது. எந்தப் பெயரால் சுட்டுகிறோம், அது காலத்தை வைத்திருக்கிறதா துடைத்துவிட்டதா என்பதே அறப் பிரச்னை.

காசநோய்ச் சிகிச்சையில் வெகுகாலம் புழங்கிய சொல் 'டிஃபால்ட்டர்'. மருந்தை நடுவில் நிறுத்தியவனைப் பதிவேடு அப்படித்தான் குறித்தது. வங்கிக் கடனைக் கட்டாதவனுக்கும் அதே சொல். நுரையீரல் நோய்க்காரன் யாருக்குக் கடன்பட்டான் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2013இல் உலக சுகாதார நிறுவனம் வரையறைகளைத் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பின்தொடரும்போது தவறவிடப்பட்டவர் என்ற பொருளில் வேறு தொடரை வைத்தது. நாகரிகத்துக்காகச் செய்த மாற்றம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. பழைய சொல்லில் தவறு அவனுடைய குணம். புதிய தொடரில் தவறவிட்டவர் யார் என்ற கேள்வி திறந்து நிற்கிறது. 'நாம் தவறவிட்டவர்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுவாயும் காலமும் ஒருசேரத் திரும்பி வந்துவிடுகின்றன.

*

பெயர் காலத்தைத் துடைப்பதற்கு இன்னொரு காரணம் கோட்டிலேயே இருக்கிறது. கோடு முடிவிலிருந்து வரையப்படுவது. பதினைந்து மாதம் கழிந்த பிறகுதான் ஒருவன் எந்தக் கோட்டைச் சேர்ந்தவன் என்று தெரிகிறது. தெரிந்த பிறகு, முதல் மாதத்திலிருந்தே அவன் அந்தக் கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தான் என்று தோன்ற ஆரம்பிக்கிறது. நடந்தது, நடக்கவிருந்ததாக மாறிவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. பாஸ்டன் நகரத்தில் ஷெல்டன், எலினார் க்ளூக் என்ற தம்பதி குற்றச் செயல்களுக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட 500 பையன்களை ஆராய்ந்து 1950இல் புகழ்பெற்ற ஒரு நூலை வெளியிட்டார்கள். பல பத்தாண்டு கழித்து ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் அந்தப் பழைய கோப்புகளை மீட்டெடுத்து, அதே ஆட்களை எழுபது வயது வரை பதிவுகளில் தேடிப் பின்தொடர்ந்தார்கள். 52 பேரை நேரில் கண்டு பேசினார்கள். 2003இல் வந்த முடிவுகள் இந்த விவாதத்தின் மையம். நேகினின் முறையைப் போட்டுப் பார்த்தால் ஆறு கோடுகள் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் எல்லாக் கோடுகளும் வயதோடு இறங்கின. கடைசிவரை விடாத 'ஆயுட்காலக் குற்றவாளி' என்ற தனிக் கூட்டம் தட்டுப்படவில்லை. யார் எந்தக் கோட்டுக்குப் போவார் என்பதைக் குழந்தைப் பருவத்துத் தகவல்களைக் கொண்டு முன்கூட்டிப் பிரிக்கவும் முடியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஆறு தெளிவான பாதைகள். முன்னால் பார்த்தால் பாதையே இல்லை. கலியாணம், வேலை, ராணுவ சேவை என்று நடுவில் வந்து திருப்பியவை பல.

இதை நம் தளத்துக்குக் கொண்டுவந்து யோசித்துப் பார்க்கலாம். சுந்தர ராமசாமி அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் எழுதாமல் இருந்தார். அந்த இடைவெளியின் நடுவில் யாராவது தமிழ் எழுத்தாளர்களை அவர்கள் எழுதிய அளவைக் கொண்டு வகை பிரித்திருந்தால், வேகமாக எழுந்து பிறகு நின்றுபோனவர்கள் என்ற கோட்டில் அவரைப் போட்டிருப்பார்கள். அன்றைய தகவல்களின்படி அது சரியான கணக்கும்கூட. 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது. அதன்பின் விமர்சகர்கள் செய்தது என்ன? அந்த மௌனத்தை ஒரு தவமாக, நாவலுக்கான தயாரிப்பாக வாசித்தார்கள். இது பாராட்டு, அது பழி என்பதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் எழுதாமல் இருந்த மனிதனின் அந்த ஆண்டுகள், எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாமல் கழிந்த அந்த ஆண்டுகள், காணாமல் போகின்றன. முடிவு தெரிந்தவன் முடிவு தெரியாதவனைப் பற்றி எழுதும்போது செய்யும் சாதாரண அநியாயம் இது. நல்ல நாவலாசிரியன் இதைச் செய்வதில்லை. பாத்திரத்தின் கடைசி அத்தியாயம் அவனுக்குத் தெரிந்திருந்தாலும் மூன்றாவது அத்தியாயத்தில் அதைப் பாத்திரத்தின் முகத்தில் எழுதி ஒட்டமாட்டான்.

*

கோட்டுக்கு அடியில் இன்னொரு தளம் இருக்கிறது, அது புள்ளி. ஒவ்வொரு மாதத்திலும் வைத்த அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது?

லண்டன் பையன்களிடம் திரும்பிப் போவோம். 1995இல் நேகினும் டேவிட் ஃபாரிங்டனும் டெர்ரி மாஃபிட்டும், இளமையோடு குற்றத்தை விட்டுவிட்டவர்கள் என்று தண்டனைப் பதிவு காட்டிய குழுவை 32 வயதில் நெருங்கிப் பார்த்தார்கள். வேலையும் குடும்பமும் சீராகியிருந்தன. ஆனால் அவர்களே கொடுத்த வாக்குமூலப்படி, மிதமிஞ்சிய குடியும் அடிதடியும் வேலை செய்யும் இடத்தில் சில்லறைத் திருட்டும் நின்றிருக்கவில்லை. பதிவில் கோடு தரையைத் தொட்டுவிட்டது, வாழ்க்கை தொடவில்லை. மருந்து விஷயத்தில் இது தலைகீழாகவும் நடக்கலாம். மருந்துக்கடைப் பதிவில் இடைவெளி விழுந்த மாதத்தில் நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருந்து அங்கே கொடுத்த மருந்தைச் சாப்பிட்டிருக்கலாம். அண்ணன் சாப்பிடும் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்தவள் பதிவில் ஒழுங்கின் உருவமாக இருக்கலாம்.

இந்தப் புள்ளியின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கு ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அங்கே பொறுப்பில் இருந்தார். ஏழைகளை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்து மருந்தால் குணப்படுத்த முடியுமா, அல்லது சானடோரியம் வேண்டுமா என்பது கேள்வி. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று இல்லாத இடத்தில் இது நடக்காது என்பது அன்றைய பொது நம்பிக்கை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமானார்கள். வீட்டு மனிதர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடவைத்த காரணங்களில் இந்த ஆய்வும் ஒன்று. 'ஏழை', 'குடிசைவாசி' என்ற வகைப் பெயர்கள் சொன்ன ஜோசியம் பொய்த்துப்போனது.

ஆனால் அதே மையம்தான் மருந்து உண்மையில் விழுங்கப்படுகிறதா என்ற கவலையையும் முறைப்படுத்தியது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வாரம் இருமுறை கண்முன்னாலேயே மருந்து கொடுக்கும் முறையை அங்கே பரிசோதித்து, 1964இல் முடிவை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் இந்தியாவில் மாத்திரை அட்டைக்கு ஓர் உறை போட்டார்கள். மாத்திரையைப் பிதுக்கினால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு நோயாளி காசில்லாமல் ஓர் அழைப்பு விடவேண்டும். அழைப்பு வந்தால் அன்றைக்கு ஒரு புள்ளி. பிதுக்கிவிட்டுத் தூர எறிந்தவனுக்கும் புள்ளி உண்டு. விழுங்கிவிட்டு, போன் மகனோடு வேலைக்குப் போய்விட்டதால் அழைக்க முடியாமல் போனவளுக்குப் புள்ளி இல்லை. எந்த வளைகோடும் இப்படிப்பட்ட புள்ளிகளின்மேல்தான் நிற்கிறது. 1950களில் வீட்டு வாசலில் போய் நின்ற பணியாளருக்கு இல்லாத ஒரு வசதி இன்றைய கோட்டுக்கு உண்டு: அது யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. அந்தத் திடீர் வருகை ஒரு கண்காணிப்புதான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வாசலில் 'ஏன்' என்று கேட்க ஒரு சந்தர்ப்பம் இருந்தது.

*

இதற்கு வைத்தியர் தரப்பில் ஒரு பதில் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆயிரம் நோயாளிகளும் மூன்று பணியாளர்களும் இருக்கும் இடத்தில் எல்லார் வீட்டு வாசலிலும் போய் நிற்க முடியாது. யாரிடம் முதலில் போவது என்று தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்காமல் இருப்பதும் ஒரு தீர்மானம்தான். குரல் உயர்த்தத் தெரிந்தவன் முதலில் கவனிக்கப்படுவான். வகைப்படுத்தல் இல்லாத இடத்தில் சலுகைதான் ஆட்சி செய்யும். உங்கள் இலக்கண நுட்பத்தை வைத்துக்கொண்டு ஒரு நுரையீரலையாவது காப்பாற்ற முடியுமா என்று அவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் தலைகுனியத்தான் வேண்டும்.

நான் இதை ஏற்கிறேன். ஏற்பதனாலேயே ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். யாரிடம் முதலில் போவது என்பதற்காக வகை பிரிப்பது ஒன்று. போனபின் அவன் யார் என்பதற்கு அந்த வகையையே பதிலாக வைத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதில் குழு ஒரு கேள்வி. வாசலில் நின்றவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் அது தீர்ப்பு. நோயாளி கதவைத் திறக்கும் முன்பே அவன் சொல்லப்போவதற்குப் பதில் எழுதியாகிவிட்டது. கேள்வி தீர்ப்பாக மாறும் அந்தத் தருணத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்பதுதான் இதில் பயங்கரம். கணக்குப் போட்டவர் 'இது தோராயம்' என்று எழுதிவைத்துவிட்டார். கோப்பைப் படித்தவர் கணக்கை நம்பினார். இடையில் ஒரு பெயர் மட்டும் தானாக வேலை செய்துவிட்டுப் போகிறது.

நேப்பிள்ஸ் நண்டுக்குத் தன் இனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது தெரியாது. அதன் நெற்றி அதனால் அகலவும் இல்லை, குறுகவும் இல்லை. மனிதனுக்கு வைத்த பெயர் அவன் காதில் விழுகிறது. வகைப்படுத்தப்பட்டவர்கள் அந்த வகைக்கு எதிர்வினை செய்து மாறுகிறார்கள், அதனால் வகையும் மாறுகிறது என்பதைத் தத்துவவாதி இயன் ஹாக்கிங் எண்பதுகளிலிருந்து விரிவாக எழுதிவந்தார். தன்னை விட்டுவிடுபவனாகவே நினைத்துப் பேசும் பணியாளரிடம் ஒருவன் இரண்டு வாரம் விட்டதை ஒப்புக்கொள்ளமாட்டான். ஒப்புக்கொள்ளாவிட்டால் காரணத்தைச் சொல்லமாட்டான். காரணம் தெரியாதபோது அவனுக்கு உதவி கிடைக்காது. மூன்றாவது வாரம் அவன் வராமலே போகலாம். கோடு சொன்னபடியே நடந்தது என்று பதிவாகும். கோடு பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, கையால் தள்ளியும் விட்டது என்பதற்குப் பதிவேட்டில் இடம் இல்லை.

ஆகவே என் நிலை எண்களுக்கு எதிரானது இல்லை. எண்களை இன்னும் கொஞ்சம் நேர்மையாகப் படிக்கவேண்டும் என்பதுதான். 0.62 என்று கணக்கு சொன்னால் கோப்பிலும் 0.62 என்றே இருக்கட்டும், பக்கத்தில் 0.30ம் 0.08ம் இருக்கட்டும். அடுத்த மாதப் புள்ளி விழுந்தவுடன் அந்த எண்கள் மாறும். முறையிலேயே அதற்கு வழி இருக்கிறது. மாறும் எண்ணுக்கு மாறாத பெயர் வைக்க நமக்கு உரிமை இல்லை. பெயர் வைத்தே ஆகவேண்டுமானால், காலம் காட்டும் பெயராக இருக்கட்டும்: மார்ச்சில் விட்டவர், மே மாதத்தில் திரும்பியவர், இந்த வாரம் வராதவர். இவை நீளமான பெயர்கள், பட்டியலில் அடங்காதவை, எழுதுகிறவனுக்குக் கூடுதல் வேலை. அந்தக் கூடுதல் வேலையைத்தான் மரியாதை என்று நான் புரிந்துகொள்கிறேன். ஒரு கவிஞரைப் பற்றி இனி எழுத உட்காரும்போது, 'நின்றுபோனவர்' என்று முடிப்பதற்கு முன், எந்த ஆண்டு வரை எழுதினார் என்று பார்த்துக்கொண்டு, அந்த ஆண்டை மட்டும் எழுதி நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறேன்.